கேமராவின் பங்கு

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே களைப்படைய வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் செஞ்சியில் ஆட்டோ ஓட்டுகிறார். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள், ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கேமரா என்று கேட்டால் பூ விற்கிற அம்மா உட்பட நாலு பேர் கை காட்டுவார்கள். கூடவே நம்மைப் பரிதாபமாக ஒரு பார்வையும் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் அவரிடம் கேமரா கிடையாது. அவருடைய செல்போன் பட்டனை அமுக்கிப் பேசுகிற பழைய ரகம், அதில் படம் எடுக்க வராது. அவருக்கு அந்தச் சாமானே தேவையில்லை. அந்தச் சொல் மட்டும்தான் தேவை.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவன். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று காலையில் திட்டு வாங்குவது, கரண்ட் இல்லை என்று மாலையில் திட்டு வாங்குவது. இந்த உத்தியோகத்தில் மனிதர்கள்மேல் இருக்கிற ஆர்வம் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிடும். மிச்ச வருடங்களை வெறும் கொட்டாவியில் ஓட்ட வேண்டும். அப்படி நிம்மதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் வாழ்க்கையில்தான் கேமரா வந்து சேர்ந்தார்.

ஆரம்பித்து வைத்தது எங்கள் முதலாளி. திருட்டு பயத்தில் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். மேலே கேமரா என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து, கீழே நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள் என்று பொடி எழுத்து. போர்டை மாட்டினாரே தவிர, கேமராவை மாட்டவில்லை. ஒருநாள் கேமராவின் ஆட்டோவில் வந்து இறங்கிய இத்தாலிப் பெண் ஒருத்தி அந்தப் போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் சிரிச்சே என்று இவர் கேட்க, எங்கள் ஊரில் கேமரா என்றால் ரூம், லாட்ஜ் வாசலில் அதைச் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அவள் விளக்கிவிட்டாள். அன்றைக்கு அவர் தலையில் ஏறியது இன்றைக்கு வரைக்கும் இறங்கவில்லை.

செஞ்சிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் பாண்டிச்சேரியிலிருந்து வருவார்கள், இல்லையென்றால் திருவண்ணாமலையிலிருந்து வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்ற டிரைவர்கள் எல்லாம் "ஃபோர்ட்? ஃபோர்ட்?" என்று கூவுவார்கள். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி, "யுவர் கன்ட்ரி, கேமரா வாட்?" என்பார். பாதிப் பேர் பயந்து வேறு ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். பதில் சொன்னவர்களுக்குத்தான் இவர் ஆட்டோவில் இடம்.

ஒரு ஹாலந்துக்காரர் எங்கள் ஊரிலும் ரூம்தான், காமர் என்போம் என்றார். ஜெர்மன்காரர் ஒருவர், படம் எடுக்கிறது கேமரா, சின்ன அறைக்குக் காமர், எங்களிடம் இரண்டும் உண்டு என்றார். அன்று சாயங்காலம் கேமரா என் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "ஜெர்மன்காரன் வெவரமானவன் சார். ரெண்டையும் வெச்சிக்குனு இருக்கான்" என்று பாராட்டினார். எனக்கு ஒன்பதாம் நம்பர் ரூமில் பல்பு எரியவில்லை. அதைவிட ஜெர்மன்காரன் முக்கியமா என்று கேட்டால், முக்கியம்தான் என்பார்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரம்மாவிடம் நடந்தது பெரிய ரகளை. அந்தம்மா கழுத்தில் கனமாக ஒரு கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி இது கேமராதானே என்று இவர் கேட்க, அந்தம்மா இல்லை என்று சொல்லிவிட்டாள். இவர் கோட்டைக்குத் திரும்புகிற முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டார். வெயிலில் கால் மணி நேரம் வாக்குவாதம். அப்புறம் என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

"கழுத்துல தொங்குது சார். கையால தொட்டுக் காட்டறேன். இல்லவே இல்லேன்றாங்க. அவங்க ஊர்ல கேமரான்னா சினிமா புடிக்கிறது மட்டுந்தானாம். போட்டோ புடிக்கிறதுக்கு வேற பேராம். ரூமுக்கு ஷாம்பர்ன்றாங்க. இன்னா சார் இது?"

"அவங்க பாஷை, அவங்க இஷ்டம். உனக்கு இன்னாய்யா போச்சு?"

"எனக்கு இன்னா போகுது? ஒருத்தரு வெச்ச பேரை ஆளாளுக்குப் பிச்சிக்குனு போறாங்களேன்னு ஒரு வருத்தம்."

போர்ச்சுகல்காரர் ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் காமரா என்றால் நகராட்சி அலுவலகம் என்றார். அவர் பார்க்க வந்தது கோட்டையை. இவர் அவரை நேரே பேரூராட்சி ஆபீசுக்குக் கொண்டுபோய் இறக்கி, "யுவர் கேமரா" என்று காட்டிவிட்டார். ஆபீசில் இருந்தவர்கள் எங்கிருந்தோ ஆள் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். அந்த மனிதர் பாவம், டீயைக் குடித்துவிட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

ரஷ்யாக்காரர் வந்தபோது வழியில் பஞ்சர். டயரைக் கழற்றி டியூபை இழுத்ததும் அந்த ஆள் அதைத் தொட்டு, "காமெரா" என்றாராம். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கையில் கிரீஸோடு விசாரித்தால், டியூபுக்கும் அதே பேர், ஜெயிலில் ஆளைப் போட்டு அடைக்கிற அறைக்கும் அதே பேர். பஞ்சர் ஒட்டிவிட்டு நேராக லாட்ஜுக்கு வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காத்து அடைக்கிறதும் அதான், மனுசனை அடைக்கிறதும் அதான் சார்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கொட்டாவி விட்டேன். ருமேனியாவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, அரிசி பருப்பு மூட்டை வைக்கிற அறையை எங்கள் கிராமத்தில் கமரா என்போம் என்று சொன்னபோது கேமராவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அவர் யாருக்காகச் சேர்க்கிறார் என்பது ஒரு ஜனவரி மாதத்தில்தான் தெரிந்தது. லாட்ஜின் தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து நான் குப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டு, "போடாதீங்க சார், பின்னாடி வெள்ளையா இருக்குது. அக்காவுக்கு வேணும்" என்றார்.

அவர் வீடு சிங்கவரத்தில். மூன்று அண்ணன் தம்பிகள், இவர் கடைசி. மூவருக்கும் மூத்தவர் பவுனு அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் விளங்காமல் போய்விட்டது, கல்யாணமும் நடக்கவில்லை. ஒரு காலத்தில் நெல் மூட்டை போட்டிருந்த பின்கட்டு அறைதான் அவர் இருக்கும் இடம். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் எங்கேயும் போவார், வருவார். பிடிக்கத் தோதாகச் சுவர் ஓரம் கயிறு கட்டி, நிலைவாசலைச் செதுக்கித் தரைமட்டமாக்கி வைத்தது கேமரா. அந்த அறையைத் தாண்டினால் அக்காவுக்கு எல்லாமே மேடு பள்ளம். கோட்டையை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். தினமும் சாயங்காலம் இவர் போய் இன்றைக்கு எந்த நாடு, என்ன அர்த்தம் என்று சொல்ல, அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைப்பாராம். கேமராவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லுவார்.

எல்லா நாட்டுக்காரர்களும் கடைசியில் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். லத்தீனிலிருந்து வந்தது. லத்தீன் என்பது ஒரு நாடு என்றே கேமரா நம்பினார். அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்துவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்று இரண்டு வருடம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. "யோவ், அப்படி ஒரு ஊரே இல்லைய்யா. அது பாஷை. அதுவும் செத்துப்போய் எத்தனையோ நூறு வருஷமாச்சு. பேசறதுக்கு ஆளே கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நேராக வெளியே போனார். சட்டையைக் கழற்றினார். லாட்ஜ் பின்பக்கக் குழாயைத் திறந்து தலையோடு குளித்தார். துக்கம் கேட்டால் தலை முழுகுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறதுதான். ஒரு பாஷைக்காக முழுகினவர் இவர் ஒருவர்தான். ஈரத் தலையோடு வந்து, "வாரிசு எத்தினி பேரு சார்?" என்று கேட்டார். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், ருமேனியா என்று நான் அலுப்போடு விரல் விட்டேன். "அப்ப சரி. அப்பன் போனப்புறம் புள்ளைங்க பிரிச்சிக்கினாங்க. அவங்களத் திட்டறதுல நாயமில்ல" என்று அன்றோடு வெள்ளைக்காரர்களிடம் சண்டை போடுவதை விட்டுவிட்டார். கேள்வியை மட்டும் விடவில்லை.

மூலப்பத்திரம் ஒருநாள் கிடைத்தே விட்டது. இத்தாலியிலிருந்து ரிட்டயரான வாத்தியார் ஒருவர் வந்து எங்கள் லாட்ஜில் தங்கினார். லத்தீன் வாத்தியார். கேமரா அவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிற பழைய களஞ்சியத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார், இங்கிலீஷ் பேச என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கையைத் தூக்கி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வளைவு போட்டார். "கேமரா" என்றார். லத்தீனில் முதல் அர்த்தம் அதுதானாம், வளைந்த கூரை. அப்புறம்தான் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற அறை. அறையிலிருந்துதான் மற்றதெல்லாம். கேமரா அந்த வளைவைத் தானும் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று சவாரியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, இதை அக்காவிடம் சொல்ல ஓடிவிட்டார்.

அதற்கு அடுத்த மாசமே அவர்கள் வீட்டில் பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது. நைனா போய்ச் சேர்ந்து வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று பெரியண்ணன் சொல்லிவிட்டார். கேமரா என் கவுன்டருக்கு வந்தார். முதல் தடவையாக வெள்ளைக்காரனைப் பற்றிப் பேசவில்லை.

"வீட்டை மூணா போட்டிருக்காரு சார். ரோட்டுப் பக்கம் ஒண்ணு, கூடமும் கெணறும் ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பெரியண்ணன் நெலம் வீட்டுக்குப் பின்னாடிதான். பின்னாடி ரூமை இடிச்சா டிராக்டர் வழி கெடைக்கும்னு பாக்கறாரு."

"அக்கா?"

"நாலு நாலு மாசம் முறை வெச்சிருக்காங்க. நாலு மாசம் அவரு வூடு, நாலு மாசம் நடு அண்ணன், நாலு மாசம் நானு." சாவிப் பலகையில் தொங்கிய ஒரு சாவியை ஆட்டிவிட்டார். "அக்கா கயிறைப் புடிச்சிக்குனு நடக்குது சார். மூணு வூட்ல மூணு கயிறா கட்டறது?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கு போடுவது மூத்தவன், முதலில் எடுப்பது இளையவன். நான் அனுபவஸ்தன் மாதிரி புத்தி சொன்னேன். ரோட்டுப் பக்கத்தை எடு, நாலு ஷட்டர் போட்டுக் கடைக்கு விடு, வாடகை வரும், ஆட்டோ ஓட்டுவதை நிறுத்து, அக்காவை உன்னோடயே வெச்சிக்கோ. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன் தரப்புச் சாட்சியாக என்னை வரச் சொன்னார். லீவு நாளில் எங்கேயும் போகக் கூடாது என்பது என் கொள்கை, இருந்தும் போனேன்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா உள்ளேதான் இருந்தார், பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். பெரியண்ணன் மூன்று பங்கையும் படித்தார். முறை விவரத்தையும் படித்தார். 

"தம்பி, நீ கடைசி. மொதல்ல நீ சொல்லு."

கேமரா எழுந்து நின்றார். "எனக்குப் பின்னாடி ரூமைக் குடுங்கண்ணா."

"இன்னாடா சொல்ற? நெல்லு போட்டு வெச்சிருந்த ரூம்டா அது."

"அதான் வேணும்" என்று ஆரம்பித்தார் பாருங்கள். இத்தாலிக்காரன் ரூம் என்கிறான், போர்ச்சுகல்காரன் ஆபீஸ் என்கிறான், ரஷ்யாக்காரன் ஜெயில் என்கிறான், ருமேனியாக்காரம்மா அரிசி பருப்பு என்கிறாள். ஒரு நாட்டையும் விடவில்லை. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெட்கத்தில் ஜமக்காளத்து நூலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கெல்லாம் மூலம் லத்தீனு. லத்தீன்ல இன்னான்னா, வளைஞ்ச கூரை." தலைக்கு மேலே கையைத் தூக்கி வளைவு போட்டார். "நம்ம பின்னாடி ரூமு கூரை அப்படியே வளைஞ்சிருக்குதுண்ணா. கோட்டைக் களஞ்சியத்தை வுட்டா இந்தச் சுத்து வட்டாரத்துல இது ஒண்ணுதான். அத்த இடிக்க வுடமாட்டேன். வெள்ளைக்காரங்க பாக்க வருவாங்க, வந்தவங்களுக்கு வெவரம் சொல்ல ஆள் வேணும். அக்காவுக்குத்தான் எல்லா நாடும் மனப்பாடம். அதனால முறை கிறை வேணாம், அக்கா அங்கயே இருக்கட்டும்."

நடு அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரோட்டுப் பக்கம் தனக்கு வருகிறது என்று புரிந்ததும் சிரிப்பு இன்னும் பெரிதானது. பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "பைத்தியத்துக்கிட்ட இன்னா பேசறது? எழுதுங்க" என்றார். கேமரா பின்கட்டுப் பக்கம் திரும்பி, "அக்கா, உன் ரூம்ல எனக்கு ஒரு ஓரம் குடுப்பியா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "காலைக் கழுவிட்டு வா."

நான் சாட்சிக் கையெழுத்தைப் போட்டேன். அவர் ஆட்டோவிலேயே திரும்பி வந்தேன். இறங்கும்போது, "நாலு ஷட்டர் போயிடுச்சுய்யா, ஒரு செத்த பாஷைக்காக" என்றேன். "ஆமா சார்" என்று ஒப்புக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஒரு வாரம் அடங்கவில்லை.

அடுத்த ஜனவரியில் பழைய காலண்டர் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் போனேன். கேமரா வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, வேர்க்கடலை அவித்துக் கொடுத்தார். நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன்.

வரிசையாக மரச்சட்டம், மேலே செங்கல் தளம். இழைத்த பலகை மாதிரி மட்டமாக இருந்தது. ஒரு கோணல்கூட இல்லை, வளைவுக்கு எங்கே போவது?

கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன்களுக்குத் தெரியும், அவர்கள் பிறந்த வீடு. ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும். அத்தனை பேரும் அதைப் பைத்தியத்தின் கணக்கில் விட்டுவிட்டார்கள். அக்காவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் நேராகச் சொல்லியிருந்தால் பெரியண்ணன், அப்போ நான் பார்க்கமாட்டேன் என்கிறாயா என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். பேச்சு முறிந்திருக்கும், பின்கட்டுக் கதவுக்குள்ளே அக்காவுக்கு அத்தனையும் கேட்டிருக்கும். தெரியாமல் ஷட்டர் ஷட்டர் என்று புலம்பினது நான் ஒருவன்தான்.

"சார், நீங்க படிச்சவரு, ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "இந்தக் கூரை வளைஞ்சா இருக்குது? அம்பது வருசமா இதுக்குக் கீழதான் படுத்திருக்கேன். எனக்குத் தட்டையாத்தான் தெரியுது."

வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

"படுத்துக்குனு பாத்தா அப்படித்தான்மா தெரியும்" என்றேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, அந்த வாத்தியார் போட்ட வளைவைப் போட்டுக் காட்டினேன். "நல்லாவே வளைஞ்சிருக்குது. நான் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கேன்."

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் நான் கொண்டுவந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, பின்பக்கம் திருப்பி, சிங்கவரம் என்று எழுதினார். எல்லா நாட்டுக்கும் போட்ட மாதிரி பக்கத்தில் ஒரு கோடு போட்டு, எங்க ரூம் என்று எழுதி, கட்டின் அடியில் செருகினார்.

வாசலில் மறுபடி தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கிளம்பும்போது கேமரா ஈரக் கையோடு ஓடிவந்து, நாளைக்குச் சுவீடன்காரர் ஒருவர் வருகிறாராம், லாட்ஜில் என் கவுன்டரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே கேட்கிறேன் என்றேன்.